ஐந்து அதிசாரங்களும் யானைக் காப்பகங்களும்

இல்லறத்தார் ஏற்கும் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டு. பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என அவற்றைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் வரிசைப்படுத்துகிறார். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன பொருள். ஸமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவற்றையே கூறுகின்றன. நம் பாட்டனார் காலத்தில் இவை வீட்டுக் கொட்டிலில் நாள்தோறும் எழுந்த சிக்கல்கள். ஏர்மாட்டுக்கு எவ்வளவு பாரம், கன்றுக்கு எவ்வளவு பால் என்று அன்றாடம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இன்று கொட்டில் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஆகையால் பிள்ளைகள் ஐந்து பெயர்களையும் ஒப்பிக்கிறார்கள். பொருத்திப் பார்க்கும் வாய்ப்புத்தான் குறைந்துவிட்டது.

அவ்வாய்ப்பைக் காரைக்காலில் வாழும் நம் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த கேள்வி தருகிறது. 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊராதலால் காரைக்காலில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவுண்டு. கல்லூரிப் படிப்பை முடித்த மகள் வேலைக்குச் சேருமுன் சில வாரங்கள் வெளிநாட்டு யானைக் காப்பகம் ஒன்றில் தொண்டு செய்ய விரும்புகிறாள். தாய்லாந்தா, பிரான்சா என்று இன்னும் முடிவாகவில்லை. 'பணம் கட்டிச் சென்று தொண்டு செய்வதா? காப்பகம் என்று பெயர்ப்பலகை மாட்டியவை எல்லாம் காப்பகமா? திருநள்ளாற்றுக் கோயில் வாயிலில் யானையைக் கண்டு வளர்ந்த பெண்ணுக்கு அங்கே என்ன புதிதாகக் கிடைக்கும்?' என்று தந்தை கேட்கிறார். மூன்றுமே நியாயமான கேள்விகள். விடை காணும் அளவுகோல் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது என்பதைக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம்.

முதலில் யானை எத்தகைய உயிர் என்பதைப் பார்ப்போம். நம் ஆகமம் யானையை ஐம்பொறி உயிர்களுள் மனமும் உடைய வகையில், அதாவது சஞ்ஞி பஞ்சேந்திரியத்தில் வைக்கிறது. நற்காட்சி பெறவும், அணுவிரதங்களை ஏற்கவும் இவ்வகை விலங்குக்குத் தகுதி உண்டு. இரண்டாம் தீர்த்தங்கரர் அஜிதநாதரின் இலாஞ்சனம் யானை என்பது சிறுவரும் அறிந்ததே. ஸ்ரீபுராணம் படிக்கும் இல்லங்களில் வச்சிரகோஷன் கதையும் தெரிந்திருக்கும். பார்சுவநாதர் முற்பிறவிகளுள் ஒன்றில் வச்சிரகோஷன் என்னும் காட்டு யானையாக இருந்தார். அரவிந்த முனிவரைக் கண்டு பழம்பிறப்பு உணர்ந்து, விரதம் ஏற்றார். அதன்பின் பிற யானைகள் முறித்துப்போட்ட உலர்ந்த தழைகளையே உண்டு, பிற விலங்குகள் கலக்கிய நீரையே குடித்து, மெலிந்து, முடிவில் ஆற்றுச் சேற்றில் சிக்கி, பாம்பு தீண்டி, அமைதியுடன் உடல் நீத்தார். விலங்கு ஒன்று விரதம் காத்த கதையைப் போற்றும் நாம், அவ்விலங்கின் திறத்தில் நம் விரதம் எவ்வாறு நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

இனி அதிசாரங்களுக்கு வருவோம். பந்தம் என்பதற்குப் பூஜ்யபாத ஆசாரியர் தம் ஸர்வார்த்தசித்தி உரையில் தரும் விளக்கம் கூர்மையானது. ஓர் உயிர் தான் விரும்பிய இடத்திற்குச் செல்லாதவாறு தடுக்கும் காரணம் எதுவோ அதுவே பந்தம் என்கிறார். சங்கிலி மட்டும் பந்தம் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

காட்டு யானை நாளின் பெரும்பகுதியை, ஏறத்தாழ 16 முதல் 18 மணி நேரத்தை, நடந்துகொண்டும் மேய்ந்துகொண்டும் கழிக்கிறது. அதன் பாதம் நடப்பதற்கென்றே அமைந்தது. விரல்களின் மேல் நிற்கும் அவ்விலங்குக்குக் குதிகால் பக்கம் கொழுப்பும் நாருமான மெத்தை ஒன்று உண்டு. ஒவ்வோர் அடிக்கும் அது விரிந்து சுருங்கும். மண்ணில் நடக்கையில் நகமும் உள்ளங்கால் தோலும் தாமாகவே தேயும். அதே யானையைக் கருங்கல் தளத்திலோ சிமெண்டுத் தளத்திலோ, தன் சிறுநீரின் ஈரத்திலேயே, ஒற்றைச் சங்கிலியில் ஆண்டுக்கணக்காக நிறுத்தினால் நகம் நீண்டு வெடிக்கிறது, வெடிப்பில் சீழ் கோக்கிறது, மூட்டு வீங்குகிறது. வளர்ப்பு யானைகளின் பெரும் துன்பம் காலில்தான் தொடங்குகிறது. நின்ற இடத்திலேயே தலையையும் உடலையும் இடைவிடாது ஆட்டும் யானையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மேளத்துக்கு ஆடுகிறது என்று குழந்தைக்குச் சொல்வதும் வழக்கம். நடக்க வேண்டிய உயிர் நடக்க முடியாமல் நிற்பதன் அறிகுறி அது.

வதம் என்பது இங்குக் கொலையைக் குறிக்காது. கோலாலும் சாட்டையாலும் அடிப்பதைக் குறிக்கும். கொன்றால் விரதமே முறிந்துவிடும். அதை அதிசாரம் என்று கூறுவதற்கில்லை. சேதத்திற்கு அங்குசத்தின் முனை காதோரத்தில் விட்ட வடுக்கள் சான்று. அதிபாரத்தைப் பொறுத்தவரை, யானை வலிமை மிக்கது, இரண்டு பேரைச் சுமந்தால் என்ன என்று பலர் எண்ணுகின்றனர். அதன் முதுகெலும்பின் முட்கள் மேல்நோக்கி எழுந்தவை. இருக்கையும் மனிதரும் நாள்முழுதும் அழுத்தினால் அங்கே புண் விழும். ஒரே இடத்தில் நின்று ஆயிரம் தலைகளில் துதிக்கை வைப்பதும் ஒருவகைச் சுமையே என்பது என் கருத்து. உரையாசிரியர் எவரும் அப்படிச் சொல்லவில்லை. ஐந்தாவதான அன்னபான நிரோதத்தைப் பட்டினி என்று மட்டும் கொள்ளலாகாது. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவிலான பசுந்தீவனமும் 100 லிட்டருக்கு மேல் நீரும் வேண்டும். இருவேளைக் கவளமும் பக்தர் தரும் வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் வயிற்றை நிரப்பலாம். நாள்முழுதும் தழை முறித்து மெல்லும் அதன் இயல்புக்கு அவை ஈடாகா.

இவ்வைந்தையும் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் காப்பகங்களைப் பார்ப்போம்.

தாய்லாந்தில் 1989ஆம் ஆண்டு காட்டுமரம் வெட்டுதல் தடை செய்யப்பட்டது. முந்தைய ஆண்டின் வெள்ளப் பேரழிவே அதற்குக் காரணம். காட்டைக் காக்க வந்த அச்சட்டத்தால் மரம் இழுத்த யானைகளும் பாகர்களும் ஒரேநாளில் பிழைப்பிழந்து, சுற்றுலாப் பயணிகளை நம்பித் தெருவுக்கும் முகாம்களுக்கும் வந்தனர். சவாரி, வித்தை காட்டல், ஓவியம் தீட்டல் என்று தொழில் பெருகியது. இதை மறுத்து, லெக் என அழைக்கப்படும் சாங்துவான் சைலெர்ட் என்னும் பெண்மணி 1990களில் தொடங்கிய முயற்சியே சியாங் மாய் அருகே மே தாங் பள்ளத்தாக்கில் உள்ள யானை இயற்கைப் பூங்கா. கண்ணிவெடியில் கால் சிதைந்தவை, பார்வை இழந்தவை, முதுமையடைந்தவை எனப் பல யானைகள் அங்கே வாழ்கின்றன. சவாரி இல்லை, வித்தை இல்லை. தொண்டர்கள் கட்டணம் செலுத்தி வாரக்கணக்கில் தங்கி, தீவனம் நறுக்குதல், சாணம் அள்ளுதல், பல் தேய்ந்த கிழ யானைகளுக்குச் சோறும் பழமும் பிசைந்து உருட்டுதல் ஆகிய வேலைகளைச் செய்கின்றனர். யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப்பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துத் தேயும்; ஆறாவதும் தேய்ந்தபின் அதற்கு இயற்கையில் வாழ்வில்லை. ஆகவே அந்தக் கவளம் உருட்டும் வேலை அற்பமானதன்று. 2024 அக்டோபரில் அப்பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட யானைகளை மேட்டுக்குக் கொண்டு சென்றும் இரண்டு யானைகள் மாண்டன. கடலோரத்தில் வாழும் நம்மவர்க்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உணவுபற்றிய கவலையும் அங்கில்லை. எல்லோர்க்கும் மரக்கறி உணவே படைக்கிறார்கள். கிழங்கு விலக்குவோரும் கதிரவன் மறையுமுன் உண்போரும் முன்கூட்டித் தெரிவித்துக்கொள்வது நலம்.

அதே நாட்டில் 'காப்பகம்' என்ற பெயரில் சவாரியை மட்டும் நிறுத்திவிட்டுக் குளிப்பாட்டும் இன்பத்தை விற்கும் இடங்களும் பல. நாளைக்கு ஆறேழு முறை, பயணியர் கூட்டம் மாறி மாறி வரும்போதெல்லாம் நீரில் இறங்கியே தீர வேண்டிய யானைக்கு அது குளியலன்று. 2025 சனவரியில் தாய்லாந்தின் தீவு ஒன்றில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர் அதன் தாக்குதலில் உயிரிழந்தார். அந்நியர் கையில் பணிந்து நிற்கும் யானை, பணியும்படி முன்னமே அடித்துப் பழக்கப்பட்டது என்பதைத் தொண்டுக்குச் செல்வோர் மறக்கலாகாது. எங்கே பார்வையாளர் யானையைத் தொடும் வாய்ப்பு மிகுதியோ, அங்கே வதம் என்னும் அதிசாரம் நம் கண்ணுக்கு மறைவாக முன்பே நடந்து முடிந்திருக்கும்.

இலங்கையில் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டாலே இது விளங்கும். 1975இல் தொடங்கிய பின்னவல யானைகள் அனாதை இல்லம் உலகப்புகழ் பெற்றது. குட்டிகளும் பல பிறந்தன. ஆயினும் அது காட்சியிடமாகவே வளர்ந்தது. 1995இல் உடவளவையில் வனவிலங்குத் துறை தொடங்கிய இடைத்தங்கல் இல்லமோ தாயை இழந்த குட்டிகளைப் பாலூட்டி வளர்த்து மீண்டும் காட்டில் விடுவதற்கென்றே உள்ளது. 1998 முதல் நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகள் இவ்வாறு விடப்பட்டுள்ளன. அங்கே பால் கொடுக்கும் நேரத்தில் தொலைவில் நின்று பார்க்கலாம்; அருகில் செல்ல இயலாது. வந்தவர்க்குச் சிறிது ஏமாற்றம்தான். ஆனால் காட்டுக்குத் திரும்ப வேண்டிய குட்டி மனிதனை நம்பப் பழகினால் அதுவே அதற்குக் கேடு.

பிரான்சில் நடுப்பகுதியான லிமூசினில், புய்சியேர் கலாந் என்னும் சிற்றூரில், வட்டரங்குகளிலும் காட்சிசாலைகளிலும் உழைத்து ஓய்ந்த யானைகளுக்கென ஓர் இல்லம் உண்டு. பெல்ஜியத்தில் காட்சிசாலைக் காப்பாளராக இருந்த இருவர் அதைத் தொடங்கினர். 2021 அக்டோபரில் அங்கே வந்த முதல் யானையின் பெயர் காந்தி! ஐம்பது வயது கடந்த ஆசியப் பெண் யானை அது. காப்பாளர் யானையோடு ஒரே வெளியில் நிற்பதில்லை. நடுவே கம்பித் தடுப்பு. யானை விரும்பினால் தடுப்பின் இடைவெளியில் காலை நீட்டும், நகம் செதுக்கிய பின் பழம் பெறும், விரும்பாவிடில் போய்விடும். அங்குசத்திற்கு வேலையே இல்லை. அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிரான்சில் நிறைவேறிய சட்டம், ஊர் ஊராகச் செல்லும் வட்டரங்குகளில் காட்டு விலங்குகளை வைத்திருப்பதை 2028 டிசம்பர் முதல் தடை செய்கிறது.

இங்கு மாணவர் ஓர் ஐயம் எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். பூஜ்யபாதர் விளக்கப்படி வேலியும் பந்தம்தானே? ஆம். மிகச் சிறந்த காப்பகத்திலும் யானை தான் விரும்பிய இடமெல்லாம் செல்ல இயலாது. ஐம்பது ஆண்டு சங்கிலியில் நின்ற யானைக்குக் காட்டில் வழி தெரியாது. அதை விட்டுவிடுவதும் கொலைக்கு ஒப்பாகும். ஆகவே காப்பகம் என்பது அதிசாரமற்ற இடமன்று. முன்னர் நிகழ்ந்த அதிசாரங்களின் மிச்சத்தை இயன்றவரை குறைக்கும் இடம். தன்னைச் சுவர்க்கம் என்று விளம்பரம் செய்யும் இடத்தைவிட, இக்குறையை ஒப்புக்கொள்ளும் இடத்தை நம்பலாம்.

கட்டணம் பற்றிய தந்தையின் கேள்விக்கு விடை எளிது. ஓர் யானையின் தீவனச் செலவும் மருத்துவச் செலவும் ஒரு பெரிய குடும்பத்தின் செலவை விஞ்சும். தொண்டர் தரும் பணம் அதற்கே செல்லுமாயின் அது தானத்தோடு சேர்ந்த உழைப்பு, நாணத் தேவையில்லை. ஆனால் சேருமுன் சிலவற்றை எழுதிக் கேட்டறிய வேண்டும். புதிய யானைகளை விலைகொடுத்து வாங்குகிறார்களா, குட்டி ஈனச் செய்கிறார்களா, இரவில் எங்கே நிற்கின்றன, கால்நடை மருத்துவர் நிலையாகத் தங்குகிறாரா, பாகருக்கு ஊதியம் என்ன. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகின்றனர். வயிறு நிறையாத பாகனிடம் யானைக்கு இரக்கம் எதிர்பார்ப்பது நியாயமன்று. மனிதரின் காசநோய் யானைக்கும், யானையுடையது மனிதருக்கும் தொற்றும் என்பதால் பரிசோதனைச் சான்று கேட்கும் இடம் பொறுப்பான இடம். ஊதியமற்ற வேலைக்கும் சில நாடுகளில் அரசின் அனுமதி வேண்டியிருக்கும். வெறும் சுற்றுலா விசாவில் சென்று இடர்ப்பட வேண்டாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். காரைக்காலுக்கும் தலைநகரான புதுச்சேரியில், மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 1990களின் நடுவில் சிறு கன்றாக வந்தது. 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போது தெருவிலேயே சாய்ந்து உயிர்விட்டது. வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது. யானை அறுபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய உயிர். நகரமே திரண்டு அழுதது. அந்த அன்பு உண்மையானது. ஆனால் அன்பு வேறு, வாழ்க்கை நிலை வேறு. தமிழகத்தில் கோயில் யானைகளுக்கென 2003இல் தொடங்கிய புத்துணர்வு முகாம், மண்தரையும் ஆற்றுநீரும் பிற யானைகளின் துணையும் அவற்றுக்கு எவ்வளவு வேண்டியவை என்பதைக் காட்டியது. அம்முகாமிலேயே 2021இல் ஓர் யானையை மரத்தில் கட்டி அடித்த காட்சி வெளியாகிப் பாகர்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. இனிக் கோயிலோ தனியாரோ புதிதாக யானை பெறாதவாறு உறுதி செய்ய வேண்டும் என்று 2023இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அறிவுறுத்தியது.

நம் சமூகத்தை நேரே தொட்டது 2025ஆம் ஆண்டு நிகழ்வு. மகாராட்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்து நாந்தணி ஜைன மடத்தில் 1992 முதல் இருந்த மாதுரி என்னும் மகாதேவி யானையைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள வந்தாரா மறுவாழ்வு மையத்திற்கு மாற்றுமாறு மும்பை உயர்நீதிமன்றம் ஜூலை 16 அன்று தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. காலழுகலும் வளர்ந்த நகங்களும் மூட்டுவாதமும் உள்ளதாக ஆய்வறிக்கைகள் கூறின. மடத்தார் தாங்கள் நன்கு பேணியதாக வாதிட்டனர். யானை புறப்பட்ட நாளில் ஊரார் கண்ணீர் வடித்தனர், பேரணிகளும் நடந்தன. பின்னர் அம்மையமே நாந்தணிப் பகுதியில் மறுவாழ்வு நிலையம் அமைக்க உதவுவதாக அறிவித்தது. நெடுந்தொலைவுக்கு, தனியார் செல்வர் ஒருவரின் மையத்துக்கு, அனுப்பியது சரியா என்று கேட்போர் கேள்வியில் பொருளுண்டு. எனினும் விவாதம் முழுதும் 'எங்கள் யானை', 'எங்கள் மரபு' என்றே நடந்ததும், ஐந்து அதிசாரங்களை வரிசையாக வைத்து அந்த யானையின் காலைப் பார்த்தவர் அரிதானதும் எனக்கு வருத்தமே. நீதிமன்றம் மனிதரின் சமய உரிமையையும் விலங்கின் நலனையும் எடையிட்டு, விலங்கின் பக்கம் நின்றது. அது முதலில் நம் மடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டிய எடையிடல்.

மரபு என்போர்க்கு ஒரு செய்தி. ஜன்மாபிஷேகத்தில் குழந்தை ஜினரைச் சுமந்து மேருவுக்குச் செல்லும் ஐராவதம் விலங்கன்று. ஆபியோக்கிய தேவன் தன் விக்கிரியையால் எடுத்த உருவம். தமிழ்நாட்டு ஜினாலயங்களில் திருவிழாவுக்கு எழுந்தருளும் யானை வாகனம் மரத்தால் ஆனது. வண்ணம் பூசிய அந்த மரயானையால் நம் பக்தியில் ஏதும் குறைந்ததாக நான் கேட்டதில்லை. 2023இல் திருச்சூர் மாவட்டக் கோயில் ஒன்று இயந்திர யானையை ஏற்றதை உலகம் வியந்தது. நம் தச்சர்கள் பல தலைமுறைக்கு முன்பே செய்துவிட்டார்கள்.

வெளிநாடு செல்ல வசதியற்றவர் வருந்த வேண்டியதில்லை. வடநாட்டு யாத்திரையில் ஜம்பு சுவாமியை வணங்க மதுராவின் சௌராசிக்குச் செல்வோர் பலர். அதே மாவட்டத்தில் வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு 2010 முதல் யானைப் பராமரிப்பு மையமும், 2018 முதல் யானைகளுக்கென்று தனி மருத்துவமனையும் நடத்துகிறது, தொண்டர்களையும் ஏற்கிறது. ஐம்பதாண்டு சங்கிலியில் கிடந்த ராஜு 2014இல் அங்கேதான் விடுதலை பெற்றது. திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் தமிழக வனத்துறையின் மறுவாழ்வு மையம் உள்ளது. அனுமதியின்றி உள்ளே செல்ல இயலாது என்பதே அதன் நற்பண்பு. காரைக்கால், மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கம் வாழ்வோர், அருகில் கோயில் யானை இருக்குமாயின் பழமும் காசும் நீட்டுவதை விடுத்து, நிர்வாகத்தையும் கால்நடை மருத்துவரையும் கேட்டுப் பசும்புல்லும் ஆலந்தழையும் தென்னை மட்டையும் முறையாக அனுப்பலாம். கடலோரத்தில் மணற்பாங்கான தோப்பு உடையவர், இரவில் யானை கல்தளத்தை விட்டு மணலில் படுக்க இடம் தர முன்வரலாம். மணலில் சாய்ந்து படுக்கும் யானையின் காலும் மூட்டும் பெறும் ஓய்வை எந்த மருந்தும் தராது.

அடுத்த வகுப்புக்கு முன் மாணவர் எழுதி வர வேண்டியவை: வதம் என்னும் அதிசாரத்திற்கும் கொலைக்கும் என்ன வேறுபாடு? வேலியிட்ட காப்பகத்திலும் பந்தம் உண்டு என்று ஏன் சொல்கிறோம்? உங்கள் ஊரில் நீங்கள் கண்ட ஏதேனும் ஒரு விலங்கை, யானையே ஆக வேண்டியதில்லை, ஐந்து அதிசாரங்களோடும் பொருத்திப் பார்த்து, கண்டதைக் கண்டபடியே ஒரு பக்க அளவில் எழுதுக.